சார்ந்து வந்தவர்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம், அம்மாவின் முழங்காலைத் தவிர. அந்த வலி நம் வீட்டில் இன்னொரு ஆள் மாதிரி நிரந்தரமாகத் தங்கிவிட்டது. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? அங்கே குளிர் கொஞ்சமாவது விட்டதா?

போனில் எல்லோரும் பேசி முடித்து என் கைக்கு வரும்போது எனக்கு "ம்" தவிர வேறு எதுவும் வருவதில்லை. வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அம்மா திட்டினாள். அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் சிரிப்பாய். சிரித்துவிட்டு மேலே படி.

நான் வேலைக்குப் போகிறேன். அப்பா கண்டக்டராகப் போகும் பஸ் கடைசியாக நிற்கும் இடத்துக்கு எதிரே விசா விண்ணப்பம் பூர்த்தி செய்து தரும் கடை இருக்கிறதே, அங்கேதான். வகுப்பில் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து பத்தாவதோடு நின்றவளை ஒரு கடையில் உட்கார வைத்திருக்கிறார் அப்பா. அவருக்கு ரொம்பத் தைரியம். முதலாளியை எல்லோரும் "அடுத்து மேடம்" என்பார்கள். நாள் முழுக்க "அடுத்து, அடுத்து" என்று கூப்பிட்டுப் பழகி, வீட்டில் கணவருக்குச் சாதம் வைத்துவிட்டும் "அடுத்து" என்பாராம்.

முதலில் ஜெராக்ஸும் போட்டோவும்தான் என் வேலை. போட்டோவுக்குச் சிரிக்கக் கூடாது, பல் தெரியக் கூடாது என்று சொல்ல வேண்டும். நான் சொல்வது யாருக்கும் கேட்பதில்லை. என் வாயை இறுக மூடிக் காட்டுகிறேன். எதிரே இருப்பவரும் மூடிக்கொள்கிறார்.

இப்போது படிவமும் நிரப்புகிறேன். நேற்று ஒருவர் வந்தார். விசாவில் ஜூன் வரை செல்லும் என்று இருக்கிறது, அப்படியானால் ஜூன் வரை மகன் வீட்டில் இருப்பேன் என்றார். அது உள்ளே நுழைவதற்கான கெடு. எத்தனை நாள் தங்கலாம் என்பது வேறு. கல்யாணப் பத்திரிகையில் போட்ட தேதியில் போகலாம், அதற்காக அந்த வீட்டிலேயே குடியிருக்க முடியுமா? எனக்கு இதைச் சொல்லத் தெரியவில்லை. "விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்று மட்டும் முணுமுணுத்தேன். அவர் சிரித்துவிட்டார், புரிந்தும்கொண்டார்.

உன் விசாவில் என்ன போட்டிருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன். யாரைப் பார்த்தாலும் இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. உன் கடிதம் வந்தால் சத்தமாகப் படிக்க வேண்டும் என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 1

என் அமுக்குணிக்கு,

அக்காவின் முத்தங்கள். நான் நலம். அத்தானும் நலம், வேலை அதிகம். அம்மாவின் முழங்காலையும் கேட்டதாகச் சொல்.

சிரித்தேன். ஐந்து பேர் பேச வேண்டியதை உள்ளே பூட்டி வைத்திருந்திருக்கிறாய்.

எங்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே கார் நிறுத்தும் இடம். எந்தச் சத்தம் யாருடைய கார் என்று எனக்குத் தெரியும். பகலில் வேறு வேலை இல்லையே. தெருமுனையில் துணி திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டுக்கு உள்துணி வைப்பது. கல்யாணத்துக்கு முன்னால் ஏற்றுமதி கம்பெனியில் காலர் காலராகத் தைத்தவள் நான், மெஷின் சத்தம் கேட்டால் கால் தானாக நிற்கிறது. கடைக்கார அம்மாள் என்னை உட்கார வைத்துப் பேசுகிறார். பாதி வார்த்தை, பாதி கைஜாடை.

என் விசாவில் "டிபெண்டென்ட்" என்று இருக்கிறது. கீழே அத்தான் பெயர். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி இதையே கேட்டாள். அவளும் கணவனோடு அப்படித்தான் வந்திருக்கிறாள். அவள் வேலைக்குப் போகலாமா? கணவன் வேண்டாம் என்றால் அவள் விசா என்ன ஆகும்? உன் மேடத்தைக் கேட்டு எழுது, பாவம்.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா

*

பிப்ரவரி 18

அன்புள்ள அக்கா,

நீ நலம் என்று எழுதியதை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இங்கே குறையொன்றுமில்லை.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டதற்குப் பதில். எங்கள் கடைப் படிவத்தில் டிபெண்டென்ட் என்பதைத் தமிழில் "சார்ந்து வந்தவர்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். பெரிய பைக்குள் வைத்த சின்னப் பை என்று நான் புரிந்துகொண்டேன். பெரிய பைக்குத்தான் சீட்டு கட்டுவார்கள். அது எங்கே போகிறதோ சின்னதும் அங்கே போகும். பெரிய பையை இறக்கிவிட்டால் சின்னப் பைக்கென்று தனியாக இடம் கிடையாது. அவர் கணவர்தான் ஸ்பான்சர், அதாவது "இவருக்கு நான் பொறுப்பு" என்று எழுதிக் கொடுத்தவர். அவர் பொறுப்பை விட்டால் விசா உடனே போகுமா, கொஞ்சம் அவகாசம் தருவார்களா என்பது நாட்டுக்கு நாடு வேறு. அங்கே உள்ள அலுவலகத்தில் அவரே நேரில் கேட்க வேண்டும்.

வேலை விஷயம். சில நாடுகளில் சார்ந்து வந்தவர் வேலை செய்யலாம், சிலவற்றில் தனி அனுமதி வேண்டும், சிலவற்றில் கூடவே கூடாது. அதைத் தெரிந்துகொள்ளும் வரை ஒரு பட்டன்கூடத் தைக்க வேண்டாம் என்று சொல். சம்பளம் வாங்காமல் உதவினாலும் சில இடங்களில் அது வேலைதான் என்கிறார் மேடம்.

அம்மா ஒரு சந்தேகம் கேட்டாள். "பக்கத்து வீடு காலியாக் கிடக்குன்னுதானே போன மாசம் போன்ல சொன்னா?" புதிதாக யாரோ குடிவந்திருப்பார்கள் என்று நான் சொல்லிவிட்டேன்.

அந்த அக்கா சரியாகச் சாப்பிடுகிறாரா என்று விசாரித்து எழுது.

உன் தங்கை

*

ஏப்ரல் 5

அன்புத் தங்கைக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. அத்தான் வேலையாக இருக்கிறார்.

பக்கத்து வீட்டுப் பெண் சாப்பிடுகிறாள். சமைத்ததை ஒரே ஆளாகச் சாப்பிடுவதால் மறுநாளும் அதையே சாப்பிடுகிறாள்.

அவளுடைய விசா இந்த வருடக் கடைசி வரை இருக்கிறது. ஒரு கடையில் அவளை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், கையெழுத்தும் போடுவார்களாம். அவள் இங்கே இருந்தபடியே வேறு விசாவுக்கு மாற முடியுமா? ஊருக்குப் போய்த்தான் விண்ணப்பிக்க வேண்டுமா? போனால் திரும்பி வர முடியாது என்று அவளுக்குத் தோன்றுகிறது.

சீக்கிரம் எழுது. அம்மா அப்பாவுக்கு என் வணக்கம்.

அக்கா

*

ஏப்ரல் 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் பகலில் வந்தது. அப்பா டியூட்டியில் இருந்தார், அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. எல்லோரும் நலம்.

கடைக்கு ஓடினேன். ஒரு வாடிக்கையாளர் கேட்டதாகச் சொல்லி மேடத்திடம் விவரம் கேட்டேன். மேடம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "வாடிக்கையாளர் உன் ஜாடையில இருப்பாங்களோ?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கூட்டத்தை நிறுத்திவிட்டு எனக்குச் சொன்னார்.

நாட்டை விட்டு வெளியே போகாமலே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதை ஸ்டேட்டஸ் மாற்றம் என்கிறார்கள். நிறைய இடங்களில் உண்டு. கடைக்காரர் ஸ்பான்சராக வேண்டும். இப்போதுள்ள விசா உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். முடிந்த பிறகு ஒரு நாள் இருந்தாலும் அதற்கு ஓவர்ஸ்டே என்று பெயர், அந்தக் கறை பாஸ்போர்ட்டை விட்டுப் போகாது.

விண்ணப்பம் உள்ளே போய் முடிவு வராத காலம் பென்டிங். அந்த நேரத்தில் பெரும்பாலும் இருக்க விடுவார்கள். ஆனால் அப்போது நாட்டை விட்டுக் கிளம்பினால், பல இடங்களில் அவரே விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். இதை மட்டும் மேடம் மேஜையைத் தட்டிச் சொன்னார். அங்கே இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீல்கள் இருப்பார்கள். அவர் இதையெல்லாம் அவர்களிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பாஸ்போர்ட் அவர் கையிலேயே இருக்க வேண்டும்.

அக்கா, அந்த அக்காவுக்கு என் வயதில் ஒரு தங்கை இருந்தால் அவளும் இதையேதான் எழுதுவாள். யாரிடமும் சொல்லவும் மாட்டாள். இனி கடிதத்தைக் கடை முகவரிக்கு அனுப்பச் சொல்லியும் எழுதுவாள். முகவரி பின்னால் இருக்கிறது.

உன் தங்கை

*

மே 8

என் கண்ணே,

பக்கத்து வீடு இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது. உனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்க மாட்டேன்.

அத்தான் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். முதலில் சாப்பாட்டு மேஜையில் பேச்சு நின்றது, அப்புறம் சாப்பிட வருவதே நின்றது. பிப்ரவரியில் வேறு வீடு பார்த்துக்கொண்டார். "நமக்கு ஒத்துவரல. நீ ஊருக்குப் போயிடு, மத்ததைப் பெரியவங்க பேசிக்கட்டும்" என்றார். பஸ்ஸில் இடம் மாறி உட்காரச் சொல்வது மாதிரி சொன்னார். விசா தன் பெயரில் இருக்கிறது, தான் ரத்து செய்தால் நான் போய்த்தானே ஆக வேண்டும் என்றும் சொன்னார்.

நீ எழுதியபடி போனேன். இலவச ஆலோசனை மையத்தில் ஒரு வக்கீல் அம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். நீ எழுதியதில் பாதி இங்கேயும் அப்படியே இருக்கிறது, பாதி கொஞ்சம் மாறுகிறது. ஊருக்குப் போனால் விண்ணப்பம் விழுந்துவிடும் என்பது மட்டும் அப்படியேதான். தையல் கடை அம்மாள் ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். விண்ணப்பம் போய்விட்டது. கடைக்கு மேலே உள்ள அறையில், இன்னொரு தையல்காரப் பெண்ணோடு இருக்கிறேன். கொஞ்ச நாளைக்கு என் வளையல்கள் தாங்கும்.

முடிவு வரும்வரை மெஷினைத் தொடக் கூடாது. இந்த வேதனை உனக்குத் தெரியாது. என் கண் முன்னாலேயே அந்தப் பெண் ஒரு கோட்டின் கையைத் திருப்பி வைத்துத் தைக்கிறாள், நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா அப்பாவிடம் சொல்லாதே. அனுமதி கையில் வந்ததும் நானே சொல்கிறேன். அழுதுகொண்டு சொல்வதைவிட வேலைக்குப் போய்க்கொண்டு சொல்வது சுலபம். நான் நன்றாக இருக்கிறேன். இது மற்ற கடிதங்களில் எழுதிய "நலம்" இல்லை.

அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

நீ திடமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே உடம்பு எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது. விஷயம்தான் நன்றாக இல்லை.

நேற்று அத்தான் அப்பாவைப் போனில் கூப்பிட்டார். நீ களைத்துப் போயிருக்கிறாயாம், வீட்டு ஞாபகமாகவே இருக்கிறாயாம், ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகட்டுமாம். ஜூலை கடைசிக்கு டிக்கெட் வாங்கிவிட்டாராம். நீ தனியாக இருப்பதைச் சொல்லவில்லை, விண்ணப்பத்தைச் சொல்லவில்லை. அவருக்கு அது தெரியுமா என்பதே எனக்குத் தெரியவில்லை.

ஏதோ மனஸ்தாபம் என்று மட்டும் அப்பாவுக்குப் புரிந்திருக்கிறது. நம் வீட்டில் எதற்கும் இருக்கிற ஒரே மருந்தை எடுத்துவிட்டார். பெண் வந்து நாலு நாள் தாய் வீட்டில் தூங்கி எழுந்தால், பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால், எல்லாம் சரியாகிவிடுமாம். மாப்பிள்ளைக்கு நல்ல மனசு என்று தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது. அம்மா முழங்காலை மறந்து உன் தலையணை உறைகளைத் துவைத்துக்கொண்டிருக்கிறாள்.

உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று போனை எடுத்தேன். அம்மா என் தோளை ஒட்டி வந்து நின்றாள். "ம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அக்கா, வராதே. அப்பாவே கூப்பிட்டாலும் வராதே.

உன் தங்கை

*

ஜூன் 14

என் கண்ணே,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அப்பா கூப்பிட்டுவிட்டார்.

எங்கே இருக்கிறாய், என்ன நடந்தது, எதுவும் கேட்கவில்லை. "வாம்மா" என்றார், அவ்வளவுதான். அப்பா அப்படிக் கூப்பிட்டு நான் என்றைக்காவது மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேனா? கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் சரி என்றேன். இதற்கும் சரி என்றுதான் வந்தது. போனை வைத்த பிறகு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

வக்கீல் அம்மாளிடம் கேட்டேன். போகாதே, போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கும் உறுதியில்லை என்றார். அவருக்கு நம் அப்பாவைத் தெரியாது. ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார் என்கிறாய். நான் வராவிட்டால் அவர் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

பெட்டியை இறக்கிப் பாதித் துணி வைத்திருக்கிறேன். மீதியை வைக்கக் கை வரவில்லை. என் உடம்பைப் பற்றிக் கவலைப்படாதே.

அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இரு. என்னைக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைக் கடையில் படித்தேன். மேடம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "வீட்டுக்குப் போ" என்றார். போகும்போது ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வீட்டு வாசலில் எல்லாம் மறந்துவிட்டது.

அப்பா டியூட்டி முடிந்து பையை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். உன்னை அழைத்துவர யார் யார் போவது, எந்த வண்டி என்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அக்கா வரக் கூடாது."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா சிரித்தார். "அடியே, உனக்குப் பேச வருமா?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

முழுவதும் சொன்னேன். அத்தான் வேறு வீடு போனது, நீ கடை மேலே இருப்பது, விண்ணப்பம், வக்கீல் அம்மாள். நடுவில் அம்மா அழ ஆரம்பித்தாள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று நான் நிறுத்தவே இல்லை.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம் இது. முதல்ல அவ வரட்டும். நாலு பேர் உட்கார்ந்து பேசினா தீராததா?"

"பேசலாம்ப்பா. ஆனா அவ அங்கேருந்து கிளம்பினா அந்த விண்ணப்பம் போச்சு."

"போனா மறுபடி போட்டுக்கறது."

எனக்கு வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "உங்க பஸ்ல ஒருத்தர் கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்திருக்கார். பாதி வழியில இறங்கிட்டார். அடுத்த பஸ்ல அதே டிக்கெட்டைக் காட்டினா ஏத்துவீங்களா?"

"அதெப்படி? இறங்கினா அந்த டிக்கெட் முடிஞ்சுது." கண்டக்டர் குரலில், யோசிக்காமல் சொன்னார்.

சொன்ன பிறகுதான் அவர் கை நின்றது. அதன் பிறகு அவர் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு வாசலில் போய் நின்றார். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "இதெல்லாம் தெரிஞ்சுதான் மாப்பிள்ளை டிக்கெட் போட்டாரா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. "தெரியுமோ தெரியாதோ, அவ தனியா இருக்கறதை எங்கிட்ட மறைச்சாரே" என்றார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, என்னிடம் பேப்பரும் பேனாவும் கேட்டார். அவர் கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. அதையும் இதிலேயே வைக்கிறேன். நான் படிக்கவில்லை.

உன் தங்கை

*

அதே தேதி

அன்பு மகளுக்கு அப்பா ஆசிகள் கூறி எழுதுவது.

நாங்கள் சுகம். உன் சுகத்தைப் பற்றி இனி நேராக எங்களுக்கு எழுத வேண்டும், வேறு யார் மூலமாகவும் வேண்டாம்.

போனில் வா என்றேன். அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீ இப்போது வராதே.

பெற்ற பெண்ணைப் பார்த்து வராதே என்று எழுதும் அப்பன் உலகத்தில் உண்டா என்று அம்மா அழுகிறாள். அழட்டும். எனக்கும் எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ ஏறி உட்கார்ந்துவிட்டாய். உன்னைப் பாதியில் இறங்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு டிக்கெட்டை ரத்து செய்துகொள்ளச் சொன்னேன். ஏன் என்றார். என் மகள் அவள் சௌகரியத்துக்கு வருவாள் என்றேன். தெருவில் கேட்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலை, உன் வேலை இல்லை.

வீடு எங்கும் போய்விடாது. முடிவு எதுவானாலும் எழுது. நல்லதாக வந்தால் சந்தோஷம். வேறு மாதிரி வந்தால் அப்போது நானே வா என்று எழுதுகிறேன், தலைநிமிர்ந்து வா.

நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி எழுதும்படி அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறாள்.

இப்படிக்கு,
அப்பா

*

செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அமுக்குணிக்கும்,

வணக்கம். நான் சுகம், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். இது அம்மாவுக்கு.

அப்பாவின் கடிதம் வந்த அன்று பெட்டியிலிருந்த துணியை எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டேன். பெட்டி கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அத்தான் ஒரு தடவை கடை வாசலுக்கு வந்தார். "உங்க அப்பாவா அப்படிச் சொன்னார்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். போய்விட்டார். இனி நடக்க வேண்டியதை வக்கீல் அம்மாள் மூலம் பேசிக்கொள்வோம். அதில் எனக்குப் பயமில்லை.

போன வாரம் அனுமதி வந்தது. பெயர் இருக்கும் இடத்தில் என் பெயர். வகை என்ற இடத்தில் தையல் தொழிலாளர். அதற்குக் கீழே இன்னாரைச் சார்ந்து வந்தவர் என்று எதுவும் இல்லை. கடைக்கார அம்மாள் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குவியலை என் பக்கம் தள்ளினார். ஆஸ்பத்திரி ஊழியர்களின் சீருடைப் பேன்ட்டுகள், எல்லாவற்றுக்கும் நீளம் குறைக்க வேண்டும். முதல் பேன்ட்டில் மடிப்பு கோணலாகப் போனது. பிரித்துத் தைத்தேன். சாயங்காலத்துக்குள் கடையில் தைக்கும் இன்னொரு பெண் என்னைப் பார்த்து, கொஞ்சம் மெதுவாகத் தை, என் மானம் போகிறது என்று சைகை காட்டினாள்.

அமுக்குணி, உன் மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல். நீ பேசியதை நம்ப முடியாமல் உன் கடிதத்தை இவர்களுக்கு ஜாடையில் நடித்துக் காட்டினேன். உன்னை நான் கொஞ்சம் உயரமாகவே நடித்துவிட்டேன்.

அப்பா, இந்த அனுமதியில் மல்டிபிள் என்ட்ரி என்று போட்டிருக்கிறது. அதாவது, காலம் முடியும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் வெளியே போகலாம், திரும்பி உள்ளே வரலாம். டிசம்பரில் கடையை இரண்டு வாரம் மூடுவார்கள். போகவும் வரவும் டிக்கெட்டை என் சம்பளத்திலேயே எடுத்துக்கொள்வேன். நீங்கள் அன்று எழுதியதால்தான் இதை இப்போது உங்களிடம் கேட்க முடிகிறது.

வரட்டுமா, அப்பா?

உங்கள் மூத்த மகள்